வண்டிப் பெயரைக் கேட்காதீர்கள், அளவைக் கேளுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரத்தில் இருசக்கர வாகனம் பழுது பார்க்கும் மெக்கானிக்குகள், உதிரிபாகக் கடைக்காரர்கள், லேத் பட்டறை நடத்துபவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் தேவகோட்டையில் பத்திரம் எழுதுபவன். முப்பத்தோரு ஆண்டுகளாக அடுத்தவர் நிலத்துக்கு நான்கெல்லை எழுதிப் பிழைக்கிறேன். என்னிடம் இருப்பது 1987-இல் என் தகப்பனார் வாங்கிய 100 சி.சி. இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள். அது எந்தக் கம்பெனி வண்டி என்று இந்த மடலில் எங்கும் எழுதப்போவதில்லை. பெயரைச் சொன்னவுடன் 'அதற்குச் சாமான் வராது' என்று பதில் வந்துவிடுகிறது. அந்தப் பதிலைப் பற்றி உங்களோடு பேசத்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலை, காரைக்குடிக்கு வரும் வழியில் பின்சக்கரத்திலிருந்து ஓர் உறுமல் கேட்டது. வேகம் கூடினால் கூடியது. கிளட்சைப் பிடித்தாலும் நிற்கவில்லை. ஓரமாகச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தேன். ஆடியது. பேரிங் போயிருக்கிறது என்பது எனக்கே தெரிந்தது. அன்று காரைக்குடியில் மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றிலும் முதல் கேள்வி, 'என்ன வண்டி?' பெயரைச் சொன்னேன். முதல் கடையில் தலையை ஆட்டினார்கள், அவ்வளவுதான். அடுத்த கடையில், 'அதற்குச் சாமான் நின்று பதினைந்து வருடம் ஆகிறது' என்றார்கள். மூன்றாவது கடைக்காரர் அக்கறையோடுதான் சொன்னார்: 'ஐயா, இன்னும் எதற்கு இதைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்? காயலான் கடையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எடுங்கள்.' சக்கரத்தைக் கழற்றிக் கொண்டுவாருங்கள், பார்க்கலாம் என்று மூவரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு தேவகோட்டைக்கே திரும்பினேன். அங்கே ஒரு சந்துக்குள், தகரக் கொட்டகையில், எழுபது வயது தாண்டிய மெக்கானிக் ஒருவர் இருந்தார். அவர் வண்டிப் பெயரைக் கேட்கவே இல்லை. அச்சை உருவினார். கிரீஸ் வெளியேறாமல் காக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலை நெம்பி எடுத்தார். மறுபக்கத்திலிருந்து ஒரு கம்பியை விட்டு, ஒரே இடத்தில் அடிக்காமல் சுற்றிச் சுற்றித் தட்டிப் பேரிங்கை வெளியே தள்ளினார். பெட்ரோலில் அலசி, பனியன் துணியால் துடைத்து, வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்: 'ஆறு, இரண்டு, சைபர், இரண்டு.' பிறகு என் கையில் கொடுத்துச் சொன்னார்: 'பேரிங்குக்கு வண்டிப் பெயர் தெரியாது தம்பி. அதற்குத் தெரிந்தது மூன்று அளவுதான். மோட்டார் பம்ப் சாமான் விற்கும் கடையில் இந்த எண்ணைச் சொல்லி வாங்கி வா.' போனேன். எண்ணைச் சொன்னேன். பேரிங் கையில் விழுந்தது. 'என்ன வண்டி' என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

அந்த மூன்று அளவை இப்போது நானும் தெரிந்துகொண்டேன். 6202 என்றால் உள்விட்டம் 15 மி.மீ., வெளிவிட்டம் 35, கனம் 11. எந்த நாட்டில் யார் செய்தாலும் இதே அளவு. 6302 என்றால் உள்விட்டம் அதே 15, ஆனால் வெளிவிட்டம் 42, கனம் 13. 6203 என்றால் 17, 40, 12. கடைசி இரண்டு இலக்கம் 04-இலிருந்து மேலே போனால் ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் கிடைத்துவிடும்: 04 என்றால் 20, 05 என்றால் 25. அதற்குக் கீழே உள்ள 00, 01, 02, 03 மட்டும் 10, 12, 15, 17. நான் பத்திரம் எழுதும் மேசைக்கு மேலே ஓடும் மின்விசிறியைச் சில வாரத்துக்கு முன் பழுது பார்க்கக் கழற்றினார்கள். உள்ளே இருந்த பேரிங் ஒன்றின் விளிம்பில் அதே 6202. என் வண்டிச் சக்கரத்தைத் தாங்குவதும் என் தலைக்கு மேல் சுழல்வதும் ஒரே அளவு. ஒரு வேறுபாடு உண்டு. மின்விசிறியில் இருப்பது இருபுறமும் இரும்புத் தகடு மூடியது. சக்கரத்தில் மழைத்தண்ணீரும் சேறும் படும், அதற்கு ரப்பர் மூடி போட்டதுதான் வேண்டும். எண்ணுக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகள் அதைச் சொல்கின்றன; 'இசட்' என்றால் தகடு, 'ஆர்எஸ்' என்றால் ரப்பர். உங்களுக்கு இதெல்லாம் அரிச்சுவடி. வண்டி ஓட்டும் என்னைப் போன்றவர்களுக்குத்தான் யாரும் சொல்லித் தந்ததில்லை. தெரிந்திருந்தால் அன்று மூன்று கடை ஏறியிருக்க மாட்டேன், அந்த மூன்று கடைக்காரர்களும் ஒரு வியாபாரத்தை இழந்திருக்க மாட்டார்கள்.

ஆயில் சீலும் அப்படித்தான். உள், வெளி, கனம் என்று மூன்று எண்ணை அதன் முகத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். அழுக்கைத் துடைத்தால் தெரியும், தேய்ந்திருந்தால் அது உட்காரும் குழியையும் அச்சையும் அளந்தால் தெரியும். செயினில் 428 என்று இருந்தால், முதல் 4 என்பது எட்டில் நான்கு அங்குலம், அதாவது ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் இடைவெளி 12.7 மி.மீ. 420 செயினுக்கும் அதே 12.7-தான். ஆனால் 428-இன் உள் அகலம் எட்டில் இரண்டரை அங்குலம், 420-க்கு எட்டில் இரண்டு. ஒன்றின் ஸ்பிராக்கெட்டில் (பல்சக்கரத்தில்) மற்றொன்றைப் போட்டால் ஒன்று உட்காராது, இல்லையென்றால் ஆடிக்கொண்டே ஓடிப் பல்லைத் தின்னும். இப்படி ஒவ்வொரு பாகமும் தன் அளவைத் தன் மேலேயே எழுதி வைத்துக்கொண்டு நிற்கிறது. நாம் அதைப் படிக்காமல் பெட்ரோல் டேங்கில் ஒட்டியிருக்கும் பெயரைப் படிக்கிறோம்.

பெயர் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு உங்கள் பட்டறை வாசலிலேயே சான்று நிற்கும். புல்லட் 1955 முதல் சென்னையில் உருவாகி வருகிறது. பெயர் மாறவில்லை. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் 346 சி.சி., 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). பிறகு எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் அமைந்த எஞ்சின் வந்தது. அதுவும் 346 சி.சி., அதே 70, அதே 90. இப்போது வருவது 349 சி.சி., 72-க்கு 85.8. முதல் இரண்டுக்கும் பெயர் ஒன்று, போர் ஒன்று, ஸ்ட்ரோக் ஒன்று. ஆனால் ஒன்றின் உள்சாமானைக் கழற்றி மற்றதில் போட முடியாது. மைசூரில் 1960 முதல் ஜாவாவும் பிறகு யெஸ்டியும் செய்த ஆலை 1996-இல் மூடியது. 2018-இல் ஜாவா என்ற பெயரும், 2022-இல் யெஸ்டி என்ற பெயரும் திரும்பி வந்தன. கியர் லீவரையே மடக்கித் தூக்கி உதைத்துக் கிளப்பும் அந்தப் பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டியை வைத்திருக்கும் என் சம்பந்தி எவ்வளவு மகிழ்ந்தார் தெரியுமா? இனிமேல் சாமான் கிடைக்கும் என்று நம்பினார். வந்தது தண்ணீரால் குளிரூட்டும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். பெயர்தான் திரும்பி வந்தது. அவர் வண்டிக்கு ஒரு வாஷர்கூட அதிலிருந்து ஆகவில்லை.

மறுபக்கம் பாருங்கள். 1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100, 1994-இல் வந்த ஸ்பிளெண்டர், 2001-இல் வந்த பேஷன் என்று மூன்றுக்கும் மூன்று பெயர், மூன்று தோற்றம். உள்ளே 97.2 சி.சி., 50 மி.மீ. போர், 49.5 ஸ்ட்ரோக் என்று ஒரே குடும்பம். சி.டி. 100 வைத்திருக்கும் ஒருவர் 'அந்த வண்டி நின்றுபோய் எத்தனையோ காலம் ஆகிறது' என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார். அவருக்கு வேண்டிய சாமான்களில் ஒரு நல்ல பகுதி அதே கடையில், ஸ்பிளெண்டர் என்று எழுதிய பெட்டியில் இருக்கிறது. அந்தக் குடும்பத்து வண்டிகளின் பாக எண்ணைக் கவனித்தால் இது இன்னும் தெளிவாகும். முதல் ஐந்து இலக்கம் பாகத்தின் வகை. 13101 என்று தொடங்கினால் பிஸ்டன். நடுவில் வரும் மூன்றெழுத்து, அந்தப் பாகம் முதன்முதலில் எந்த மாடலுக்காக உருவானதோ அதன் குறி. புது வண்டியின் பாகப் புத்தகத்தில் ஒரு பாகத்தின் நடுக்குறி பழைய வண்டியுடையதாக இருந்தால் இரண்டிலும் ஒரே பாகம் என்று கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கிறது என்று பொருள். நிலத்தின் மூலப்பத்திரத்தைத் தேடுவது போன்ற வேலை இது. எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

அந்தப் பெரியவர் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். அவர் கொட்டகையின் உள்சுவர் முழுக்க எழுத்து. சாக்பீசிலும், கரித்துண்டிலும், ஆணியால் கீறியும் எழுதியது. எந்த வண்டியின் கிளட்ச் பிளேட் எந்த வண்டிக்குப் பொருந்தும், எத்தனை காது, என்ன கனம். எந்தக் கேபிளை எத்தனை அங்குலம் வெட்டிக் குமிழ் வைத்தால் எதற்கு ஆகும். எந்த பிஸ்டன் உள்ளே போகும், ஆனால் போடக்கூடாது. அந்தக் கடைசி வகைக்கு மட்டும் சிவப்புச் சாக்பீஸ். நாற்பது ஆண்டுத் தொழில் அந்தச் சுவரில் இருந்தது.

கார்த்திகையில் அவருக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தது. பட்டறையை மூடிவிட்டார். பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். தொழிலுக்கு யாரும் வரவில்லை. இடத்துக்காரர் தைப் பொங்கலுக்கு உள்ளும் புறமும் வெள்ளையடித்து, கைப்பேசி ரீசார்ஜ் கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் அந்தப் பக்கம் போனவன் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். வெள்ளைவெளேரென்று இருந்தது. கிட்டே போய்ச் சாய்ந்து பார்த்தால், ஆணியால் கீறிய இடங்களில் மட்டும் சுண்ணாம்புக்கு அடியில் ஏதோ எண்கள் மேடு பள்ளமாகத் தெரிந்தன. வாசிக்க முடியவில்லை. ஊரே நடந்து போகிற பாதையைப் பட்டாவில் ஏற்றாமல் விட்டுப் பறிகொடுத்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அன்று எனக்கு அதே வயிற்றெரிச்சல்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுத் திண்ணைக்கு நோட்டோடு போகிறேன். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். இதுவரை நாற்பத்தொரு குறிப்பு சேர்ந்திருக்கிறது. சிலவற்றில் அவருக்கே ஐயம் வந்துவிடுகிறது. 'அது 32-ஆ 35-ஆ, கையில் பிடித்தால் சொல்லிவிடுவேன் தம்பி' என்கிறார். கையில் பிடிக்கப் பாகம் என்னிடம் இல்லை. அது உங்களிடம் இருக்கிறது.

நம் ஊரில் எழுதி வைக்கும் பழக்கம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. செட்டிநாட்டுக் கல்யாண வீட்டில் பெண்ணுக்குப் பரப்பும் சாமானில் ஒரு கரண்டி விடாமல் எழுதுவார்கள். அந்தக் காலத்து எனாமல் அடுக்கில் எத்தனை தட்டு என்றுகூட இன்றைக்கும் நோட்டைப் பார்த்துச் சொல்லும் ஆச்சிமார் இருக்கிறார்கள். ஆத்தங்குடியில் தரைக்கல் செய்பவர்களிடம் போங்கள். பாட்டன் காலத்தில் பாவிய தளத்தில் இரண்டு கல் உடைந்தால், உடைந்த துண்டைக் கொண்டு போனால் போதும். யார் வீடு என்று பார்த்து அவர்கள் கல் கொடுப்பதில்லை. துண்டை வாங்கி அளக்கிறார்கள், பூவேலையைப் பார்க்கிறார்கள், அதற்கான அச்சைத் தேடி எடுத்துக் கண்ணாடியின் மேல் வைத்து வண்ணச் சிமெண்டை ஊற்றுகிறார்கள். புதுக்கல் பழைய கல்லோடு சேர்ந்து உட்கார்ந்துவிடுகிறது. கல்லுக்கு இவ்வளவு செய்கிற ஊரில், ஒரு மனிதன் பால் கொண்டு போக, பூ கொண்டு போக, மில் வேலைக்குப் போக நம்பியிருக்கும் வண்டிக்கு அளவெடுக்க ஆள் இல்லை என்றால் எப்படிப் பொறுப்பது? புதிய 100 சி.சி. வண்டிக்குப் பெரும் பணம் வேண்டும். புதுவயல் அரிசி ஆலையில் நாள்கூலிக்குப் போகிறவரிடம் 'புதிதாக எடுங்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன்.

கடைக்காரர்களே, முதல் கேள்வியை மாற்றுங்கள். 'பழைய பாகத்தைக் கொண்டுவந்தீர்களா?' என்று கேளுங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு வெர்னியர் அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கிவிடலாம். பேரிங், ஆயில் சீல், ஓ ரிங், செயின், கேபிள், பல்பு, பிளக், டியூப், நட்டு, போல்ட் எல்லாமே அளவால் விற்கக்கூடிய சரக்கு. உங்கள் அலமாரியின் மேல்தட்டில் எதற்கு ஆகும் என்று தெரியாமல் தூசி படிந்து கிடக்கும் பெட்டிகளை ஒரு மதியம் இறக்கி அளந்து பாருங்கள். முடங்கிப்போன முதல் அது. யாரோ ஒருவர் அதற்காகவே மதுரைக்கும் சென்னைப் புதுப்பேட்டைக்கும் பஸ் ஏறிக்கொண்டிருப்பார். ஆனால் ரப்பர் சாமானில் மட்டும் கருணை வேண்டாம். பத்து, இருபது வருடம் பெட்டியிலேயே இருந்த ஆயில் சீல் புதுசுபோல் மின்னும். உதட்டை நகத்தால் அழுத்தினால் விறைத்திருக்கும். அதை விற்காதீர்கள்.

மெக்கானிக்குகளே, உங்களிடம் கேட்பது பெரிது. ஒரு பொது ஏடு வேண்டும். ஒரு வண்டியில் இன்னொரு வண்டியின் பாகத்தைப் போட்டு அது ஓடினால், அன்றே ஒரு வரி எழுதுங்கள். எந்த வண்டி, எந்த ஆண்டு, என்ன பாகம், அதன் மேல் இருந்த எண், அளந்த அளவு, என்ன போட்டீர்கள், எதைக் கடைந்தீர்கள் அல்லது அரத்தால் தேய்த்தீர்கள். ஆறு மாதம் கழித்து அந்த வண்டி மறுபடி வந்தால் எப்படி இருக்கிறது என்று அதே வரிக்குக் கீழே எழுதுங்கள். அந்த ஆறு மாதக் குறிப்புதான் தங்கம். போட்ட அன்று எல்லாம் பொருந்தியதுபோலத்தான் இருக்கும்.

பொருந்தாததையும் எழுதுங்கள். பெரியவரின் சிவப்புச் சாக்பீசைத்தான் நான் அதிகம் இழந்ததாக நினைக்கிறேன். அவர் சொன்ன ஒன்றை இங்கே எழுதுகிறேன். இரண்டு ஸ்ட்ரோக் பிஸ்டனில் ரிங் சுழலாமல் இருக்கக் காடியில் சிறு ஊசி வைத்திருப்பார்கள். போர் ஒன்று, பிஸ்டன் பின் ஒன்று, உயரம் ஒன்று என்று வேறு வண்டியின் பிஸ்டனைப் போட்டால், அந்த ஊசி இருக்கும் இடம் மாறி, ரிங்கின் வாய் சிலிண்டர் சுவரில் வாயு போய்வர உள்ள ஜன்னலுக்கு நேராக வந்துவிடலாம். ஓடும்போது ரிங் நுனி ஜன்னலுக்குள் பிதுங்கும், மாட்டும், முறியும். சிலிண்டர் பிளாக் முழுக்கக் கீறல். அளவு சரி, பாகம் தவறு. இன்னொன்று, பழைய புல்லட்டின் மரைகள். அவை ஆங்கில அளவு. 5/16 அங்குல போல்ட் 7.94 மி.மீ.; கண்ணுக்கும் கைக்கும் 8 மி.மீ. போலவே இருக்கும். நட்டு ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். அங்கே நிறுத்த வேண்டும். ஸ்பானரைப் போட்டு அழுத்தினால் போல்ட் மரையும் போயிற்று, வார்ப்பில் இருக்கும் மரையும் போயிற்று. இந்த இரண்டையும் அறியாத இளம் மெக்கானிக் கெட்டவர் அல்ல. அவருக்கு யாரும் எழுதித் தரவில்லை.

பிரேக்கைத் தொடும் எதிலும் 'ஏறக்குறைய' கூடாது. பிரேக் ஷூ, பிரேக் கேம், முன் பிரேக் கேபிள், சக்கர அச்சு, ஸ்டியரிங் பேரிங் ஆகியவற்றில் சரியான அளவு கிடைக்கவில்லை என்றால் வண்டியை நிறுத்தி வையுங்கள், வண்டிக்காரர் கோபித்தாலும் பரவாயில்லை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

லேத் பட்டறைக்காரர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, அதாவது போர் போட்டுக் கொடுக்கும்போது, எந்த அளவுக்குப் போட்டீர்கள் என்று பிளாக்கின் வெளிப்பக்கத்தில் எண் குத்திக் கொடுங்கள். 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று பிஸ்டன் பெருத்துக்கொண்டே போகும். அடுத்த முறை வண்டியைப் பிரிப்பவருக்கு இது எத்தனையாவது போர், இன்னும் எத்தனை மிச்சம் என்று தெரிய வேண்டும். என் வண்டியை 2011-இல் ஓர் ஊரில் போர் போட்டபோது சீட்டும் தரவில்லை, எண்ணும் குத்தவில்லை. சென்ற ஆண்டு 0.50 பிஸ்டன் வாங்கிக்கொண்டு போன பிறகுதான், பிளாக் ஏற்கெனவே 0.75-இல் இருக்கிறது என்று தெரிந்தது. வாங்கிய பிஸ்டன் செட் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. யாருக்காவது ஆகுமானால் வந்து பெற்றுக்கொள்ளலாம்.

மாற்றுப் பாகம் போட்டால் வண்டிக்காரரிடம் சொல்லி, பில்லிலும் எழுதுங்கள். மறைக்க வேண்டியதே இல்லை. 'இது வேறு வண்டியுடையது, இன்ன அளவு, இதனால் போட்டேன்' என்று எழுதிக் கொடுத்தால் உங்கள் மேல் மதிப்புத்தான் கூடும். உள்ளூரில் கடைந்த நேர்மையான பாகம் வேறு. கம்பெனி அட்டையை அச்சடித்து அதற்குள் போட்டு விற்கும் போலி வேறு. முன்னதை நெஞ்சு நிமிர்த்திச் சொல்லலாம்.

எஞ்சினையே மாற்றுவது, சி.சி.யைக் கூட்டுவது பற்றி ஒரு வார்த்தை, இது என் தொழிலோடு ஒட்டியது. யமஹா ஆர்.எக்ஸ். 100-க்கும் 135-க்கும் ஸ்ட்ரோக் 50 மி.மீ. ஒன்றுதான், போர் மட்டும் 50-உம் 58-உம். அதனால் எஞ்சினின் அடிக்கூடான கிரேங்க் கேஸின் வாயைக் கடைந்து பெரிய பிளாக்கை உட்கார வைக்கும்படி இளைஞர்கள் கேட்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரித்த கம்பெனி முதலில் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. பதினைந்து ஆண்டு முடிந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது அதிகாரி சேசிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் பார்ப்பார். அன்று தலையில் கைவைத்துக்கொண்டு என்னைப் போன்றவர்களிடம் வருகிறார்கள். தேய்ந்த பாகத்துக்கு ஈடாக இன்னொன்றைப் போட்டு வண்டியை அது இருந்தபடி ஓடவைப்பது பற்றித்தான் நான் பேசுகிறேன்.

கம்பெனிகளுக்கும் கடமை உண்டு. பழுது நீக்கும் உரிமைக்கென்று ஒன்றிய அரசு 2022-இல் ஒரு குழு அமைத்தது. அதில் வாகனத் துறையும் சேர்த்தி. அவர்களிடம் கேட்க வேண்டியதைத் தனியாகக் கேட்போம். அது வரும்வரை நம் கையில் இருப்பதைக் கட்டிக்காப்போம்.

இதை எழுதப்போகிறேன் என்றதும் ஒரு மெக்கானிக் நண்பர், 'இது எங்கள் தொழில் ரகசியம்; ஏட்டில் எழுதிவிட்டால் யார் வேண்டுமானாலும் சாமானை வாங்கித் தாங்களே போட்டுக்கொள்வார்கள், எங்கள் பிழைப்பு என்ன ஆவது?' என்றார். அந்தக் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். 6202 என்ற எண்ணும் பேரிங்கும் கையில் இருந்தும் என்னால் அதைப் போட முடியவில்லை. பெரியவர் அந்த ஹப்பை வெந்நீரில் சூடாக்கினார். பேரிங்கின் வெளிவளையத்தில் மட்டும் படும்படி ஒரு பழைய வளையத்தை மேலே வைத்துத் தட்டி இறக்கினார். உள்வளையத்தில் அடித்திருந்தால் குண்டுகள் பதிந்து பள்ளமாகி, ஒரு மாதத்தில் மறுபடி உறுமியிருக்கும் என்றார். இந்தக் கையை எந்த ஏடும் பறித்துக்கொள்ளாது. விற்பனைப் பத்திரத்தின் வாசகம் கடையில் அச்சடித்தே கிடைக்கிறது. ஆனாலும் என்னிடம் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். 'சாமான் வராது' என்று ஒவ்வொரு வண்டியாகக் காயலான் கடைக்கு அனுப்பினால்தான் உங்கள் பட்டறை வாசல் காலியாகும்.

நோட்டு என்னிடம் இருக்கிறது. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கக் கோடு போட்ட நோட்டு. நாற்பத்தொரு வரி போக மீதி வெறுமையாக இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே என் மேசையில், வேலை நாள்களில் மாலை ஐந்தரைக்கு மேல் எவரும் வந்து எழுதலாம், படியெடுத்துக்கொள்ளலாம். எழுத நேரமில்லை என்றால் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன். என் எழுத்து வாசிக்கும்படி இருக்கும். காரைக்குடியில் உள்ள பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்கள் யாராவது இதைக் கணினியில் ஏற்றித் தர முன்வந்தால் கைகூப்பி வரவேற்பேன்.

ஆனால் அதற்கு முன் ஓர் அவசரம் இருக்கிறது. பெரியவர் ஐயப்பட்ட குறிப்புகள் ஒன்பது. அவற்றைச் சரிபார்க்க, பழைய கிளட்ச் பிளேட், சீல், பேரிங் என்று சாமான் சிலவற்றைப் பையில் போட்டுக்கொண்டு, தொழில் தெரிந்த ஒருவர் என்னோடு அந்தத் திண்ணைக்கு வர வேண்டும். அவர் கையில் எடுத்துக் கொடுத்தால் போதும், சொல்லிவிடுவார். வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான் போகிறேன். பின்சீட்டில் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தேவகோட்டைப் பத்திர எழுத்தர் ஒருவர்